கடைமடை நீரும் கடைசிக் கூலியாளும்

இயேசுநாதரின் போதனைகளைச் சுவிசேஷங்களிலே படிப்பவர் ஒன்றை எளிதிற் கண்டுகொள்வர். அங்கே தத்துவச் சொற்கள் மிகக் குறைவு. வீட்டுப் பொருள்களும் தொழிற் கருவிகளும் மிகப் பல. விளக்கு, உப்பு, புளித்த மா, கலப்பை, வலை, விதை, ஆட்டுப்பட்டி, காணாமற்போன வெள்ளிக்காசு என்று அன்றாட வாழ்வின் பொருள்களே அவர் வாயில் உவமைகளாயின. அவற்றைக் கேட்டவர்களிற் பலர் கலிலேயா நாட்டு உழவரும் மீனவருமாவர். அவர்கள் நூல் பல கற்றவரல்லர். ஆனால் மண்ணின் குணத்தையும், நீரின் ஓட்டத்தையும், கூலிக்கு நிற்பவனின் பசியையும் நன்கு அறிந்தவர்கள்.

அத்தகைய மக்கள் வாழும் நிலம் இலங்கையிலும் உண்டு. யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களாக விரிந்து கிடக்கும் வன்னிப் பெருநிலம் காடும் குளமும் வயலும் கடற்கரையும் சேர்ந்தது. கலிலேயாவைப் போலவே இங்கும் ஆண்டின் ஒரு பகுதியிலேதான் பெருமழை. மற்றைய மாதங்களில் நிலம் வறண்டு கிடக்கும். இங்குள்ள மக்களுட் பெரும்பாலோர் சைவர். கிறிஸ்தவர் சிறு தொகையினர். எனினும் அவர்தம் வரலாறு பழையது. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தேவமாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுட் புகுந்தன என்பது மரபு. இன்று மன்னார் மாவட்டத்தில் அடங்கும் மடுத் திருப்பதியின் தோற்றம் அதுவே. அடைக்கலம் தேடி வந்தோரை ஏற்ற நிலம் என்னும் பெயர் வன்னிக்கு அன்றே வாய்த்துவிட்டது.

அன்றாட வாழ்விலிருந்து ஆன்மிகப் பாடம் பெறுவதென்றால் என்ன? காணும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீதியைக் கட்டிவிடுவதென்றே பலர் எண்ணுகின்றனர். விளக்கு எரிகிறது, நீயும் ஒளி தருக; மரம் நிழல் தருகிறது, நீயும் நிழல் தருக என்பன போன்ற மொழிகள் சொல்வதற்கு எளியன; கேட்பதற்கும் இனியன. கேட்டவர் தலையசைத்துவிட்டு எழுந்து போவர். மறுநாள் வாழ்வில் எதுவும் மாறாது. இயேசுநாதரின் உவமைகளிற் சிறந்தவை இவ்வகையின அல்ல. கேட்பவனுக்கு நன்கு தெரிந்த தொழிலில் அவை தொடங்கும். அத்தொழில் நடக்கும் முறைப்படியே சிறிது தூரம் செல்லும். பின்பு ஓரிடத்தில், எந்த உழவனும் எந்த முதலாளியும் எளிதிற் செய்யாத ஒன்று நிகழும். பாடம் அவ்விடத்திலேதான் இருக்கிறது. தொழிலை அறியாதவன் அதனைக் கவனியாமலே கடந்துவிடுவான். அறிந்தவன் திடுக்கிட்டு நிற்பான். ஆதலால் இவ்வுவமைகளை விளங்கிக்கொள்வதற்கு வன்னி உழவனும் மீனவனும் நல்ல ஆசிரியர்களாவர்.

விதைப்பவனைப் பற்றிய உவமையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். வன்னியில் நாற்று நடுவது குறைவு. கையால் வீசி விதைப்பதே பெருவழக்கு. மழைக்கு முன் நிலத்தை உழுது, புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு, புரட்டாதி ஐப்பசி மாதங்களில் வானத்தைப் பார்த்திருக்கும் உழவர் உளர். அந்த நாள்களில் எறும்பும் பறவையும் ஒரு பங்கைக் கொண்டு போகும். வரம்பின்மேல் விழுந்த மணிகள் காலடியில் மிதிபடும். சிறு மழை ஒன்று பெய்து, நிலம் மேலோட்டமாக நனைந்து, விதை முளைத்தபின் தொடர்ந்து வெயில் எறித்தால் வேர் இறங்காத முளைகள் கருகிப் போகும். கற்பாறை நிலத்தில் விழுந்த விதையைப் பற்றி மத்தேயுவின் சுவிசேஷம் கூறுவதை இவ்வுழவனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் உவமை இழப்புக் கணக்கோடு நின்றுவிடுவதில்லை. இத்தனை விதை வீணான பின்னும், நல்ல நிலத்தில் விழுந்தவை முப்பதும் அறுபதும் நூறும் மடங்காகப் பலன் தந்தன என்று அது முடிகிறது. வரம்பில் விழும் மணிகளுக்கு அஞ்சி விதைப்பவன் கையை மடக்கிக்கொண்டால் வயலுக்கும் விதை கிடையாது. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தபின் வன்னிக்குத் திரும்பியவர்கள், ஆளின்றிக் காடேறிக் கிடந்த வயல்களைக் கண்டனர். பல இடங்களிற் கண்ணிவெடிகளை அகற்றும்வரை காலெடுத்து வைக்கவும் இயலவில்லை. அவ்வாறிருந்தும் அவர்கள் விதைநெல் தேடினர், விதைத்தனர். நம்பிக்கை என்பது உள்ளத்தில் எழும் இனிய உணர்ச்சி மாத்திரமன்று, பானைக்குப் போகக்கூடிய நெல்லை மண்ணில் எறியத் துணிவதே என்பது அவ்வுவமையின் பொருள்களுள் ஒன்று.

களைகளைப் பற்றிய உவமை இதனினும் கடினமானது. ஒருவன் நல்ல விதையை விதைத்தான். இரவில் அவன் பகைவன் வந்து களையை விதைத்துப் போனான். வேலையாட்கள் அதனைப் பிடுங்கிவிட முந்தியபோது, அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்று வீட்டெசமான் தடுத்தான். அக்களை கோதுமையைப் போலவே தோன்றி, கதிர் வரும் காலத்திலே வேறுபாடு காட்டும் ஒருவகைப் புல் என்று அறிஞர் கருதுவர். வன்னி வயலிலும் நெல்லைப் போலவே முளைத்து, நெல்லைப் போலவே வளர்ந்து ஏமாற்றும் களைநெல் உண்டு. அறுவடைக்கு முன்னரே அதன் மணிகள் உதிர்ந்து அடுத்த போகத்துக்கும் நிலத்திற் கிடக்கும். ஆகவே, அறுவடைவரை விட்டுவைப்போம் என்று சொல்லும் எசமானை வன்னி உழவன் நல்ல கமக்காரன் என்று ஒப்பமாட்டான்.

அவன் ஒப்பாமலிருப்பதே உவமையை விளங்கிக்கொள்வதற்கு வாயிலாகிறது. இது பயிர்ச்செய்கை ஆலோசனை அன்று. மனிதரிலே பயிர் யார், களை யார் என்று தீர்ப்பிடும் அவசரத்தைப் பற்றியது. நெருங்கி வளர்ந்த பயிரிடையே களை பிடுங்கப் புகுந்தவனின் காலடியிலே நல்ல பயிரும் சாய்ந்துவிடும். வேரோடு வேர் பின்னியிருப்பதால் ஒன்றை இழுக்க மற்றொன்றும் வரும். நெடும்போர் கண்ட ஊர்களிலே அயலவரை அயலவர் ஐயுறுவதும், ஒருவர் எப்பக்கம் நின்றார் என்று ஓயாது ஆராய்வதும் இலகுவில் ஒழிவதில்லை. குற்றம் என்பதே இல்லை என்று உவமை கூறவில்லை. அறுவடை ஒன்று உண்டென்றே கூறுகிறது. ஆனால் அரிவாள் தன் கையில் இருப்பதாக எண்ணுகிறவனின் கையை அது பற்றிக்கொள்கிறது.

இதே கருத்தை முல்லைத்தீவுக் கரையிலே வேறுவிதமாகக் காணலாம். சுவிசேஷம் கூறும் பெருவலை, கடலில் வளைத்து விட்டுக் கரையிலிருந்து இழுக்கும் வலையாகும். இங்கு அதற்குக் கரைவலை என்று பெயர். தோணி வலையை வளைத்துவிட, இரு முனைகளிலும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுப்பர். சில இடங்களில் உழவு இயந்திரமும் இழுவைக்கு உதவியதுண்டு. மடி கரையேறும்வரை அதனுள் இருப்பது பாரையோ, சாளையோ, உண்ணத் தகாத பேத்தையோ என்று எவருக்கும் தெரியாது. தரம் பிரிக்கும் வேலை கரையிலேதான். நீருக்குள் வலை இருக்கும்போதே பிரிக்க முற்படுபவன் இழுவையைக் குழப்புவான். வந்த மீனும் போய்விடும். இழுக்கும் வேளை வேறு, பிரிக்கும் வேளை வேறு என்பதைக் கரைவலைத் தொழிலாளி நன்கு அறிவான். திருச்சபையும் ஊரும் இன்னும் இழுவையில் இருக்கும் வலைகளே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. வாழ்வில் நிகழும் எல்லாவற்றிலிருந்தும் பாடம் பிழிந்தெடுத்துவிடலாம் என்னும் எண்ணம் ஆபத்தானது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, நத்தாருக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் நிறையுமுன்னரே, முள்ளிவாய்க்காலில், கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் போர் முடிந்தது. உயிர் தப்பியோரிற் பெருந்தொகையினர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் அமைந்த மெனிக் பாம் முகாமில் அடைபட்டனர். அது 2012ஆம் ஆண்டிலேதான் மூடப்பட்டது. இவ்வழிவுகள் யாருடைய பாவத்துக்குத் தண்டனை என்று கேட்கவும், கேட்டுவிட்டு விடை கூறவும் துணிவோர் எக்காலத்திலும் உளர்.

இயேசுநாதர் இக்கேள்விக்குத் தம் காலத்திலேயே முகங்கொடுத்தார். சீலோவாமிலே ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டனர். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றெல்லாரிலும் கொடிய குற்றவாளிகளோ என்று அவரே வினவி, அல்லவென்று மறுத்தார் என லூக்கா எழுதுகிறார். மாண்டவர்களைக் காட்டிப் பாடம் சொல்ல அவர் இசையவில்லை. உயிரோடிருப்பவர் தம்மையே திருத்திக்கொள்ளுமாறு பணித்தார். உவமைகளால் உலகுக்குப் போதித்த அதே ஆசிரியர், பிறருடைய துன்பத்தை உவமையாக்க மறுத்தது நினைவில் வைக்கத்தக்கது. அன்றாட வாழ்விலிருந்து பெறும் பாடம் முதலில் அதனைப் பெறுபவனுக்கே உரியது. பிறர்மேல் எறியும் கல்லாக அது மாறும்போது பாடம் என்னும் பெயருக்கே தகுதியிழந்துவிடும்.

அவ்வாறாயின், வன்னி வாழ்வில் தன்னையே சோதித்துக்கொள்ளும் இடம் எது? அதனை அறியக் குளத்தடிக்குச் செல்லவேண்டும்.

கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது கிளிநொச்சியின் இரணைமடுக் குளம். 1902ஆம் ஆண்டில் வேலை தொடங்கி 1920ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. பின்னர் அணைக்கட்டு சில தடவைகள் உயர்த்தப்பட்டது. இந்நீரை நம்பியே 1930களில் கிளிநொச்சியில் உழவர் குடியேற்றம் உருவாயிற்று. இன்று குளத்தின்கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு. மாரியில் குளம் நிரம்பி வான் பாயும். 2018ஆம் ஆண்டு டிசம்பரிற் கொட்டிய பெருமழையிலே வான்கதவுகள் திறக்கப்பட, ஊர்களும் வயல்களும் வெள்ளத்தில் அமிழ்ந்தன. மாரியை ஒட்டிய காலபோகத்தில் நீர்ச் சண்டை பெரிதாக எழுவதில்லை. சிறுபோகம் அவ்வாறன்று. அப்போது மழை இல்லை. குளத்தில் எஞ்சிய நீரே கதி. அது முழு நிலத்துக்கும் போதாது. ஆகவே எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் துருசு திறப்பது என்பவற்றை உழவரும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானிப்பர்.

நீரின் இயல்பு ஒன்று உண்டு. துருசிலிருந்து புறப்பட்டுப் பெருவாய்க்கால், கிளைவாய்க்கால் என்று ஓடி வரும்போது முதலில் உள்ள வயலுக்கு முதலில் எட்டும். வழியில் ஒரு பங்கு மண்ணில் ஊறும்; ஒரு பங்கு வெயிலில் ஆவியாகும். தலைமடையிலுள்ளவன் சிறிது தாராளமாகப் பாய்ச்சினால் கடைமடையிலுள்ளவனுக்குச் சேறுகூட மிஞ்சாது. தலைமடைக்காரன் தீயவனாக இருக்கவேண்டியதில்லை. அவன் கவனியாமல் இருந்தாலே போதும், கடைமடைப் பயிர் வாடிவிடும். பிறனுக்குச் செய்யும் தீங்கிற் பெரும் பகுதி இவ்வாறு கவனியாமையாலே நேர்வதன்றோ?

இலங்கையின் உலர்வலயத்துக் குளங்களின்கீழ் இதற்கு ஒரு பழைய பரிகாரம் உண்டு. சிங்கள உழவர் அதனைப் ‘பெத்ம’ என்பர். நீர் குறைந்த போகத்தில் குளத்துக்கு அண்மையிலுள்ள நிலத்தை மாத்திரம் விதைப்பது. ஆனால் அந்நிலத்தை அதன் உரிமையாளர் மாத்திரம் விதையாமல், கடைமடைக்காரர் உட்பட வயலுடையோர் எல்லோருக்கும் அப்போகத்துக்கு மட்டும் பங்கிட்டுக் கொடுப்பது. போகம் முடிந்ததும் நிலம் உரியவனிடமே மீளும். நீண்ட வாய்க்கால் வழியே நீர் வீணாகாமல் மிச்சப்படுவதால் நீர்க்கணக்கும் இம்முறைக்குத் துணை நிற்கிறது. நிறைய விளைவித்துச் சிலர் உண்பதிலும், குறைய விளைவித்து எல்லோரும் உண்பது மேலென்று முன்னோர் கண்டனர். அவர்கள் சுவிசேஷத்தைப் படித்தவர்களல்லர். எனினும் அவர்களுடைய வழக்கத்தின் முன் கிறிஸ்தவன் தலைவணங்கிக் கற்கவேண்டியது உண்டு.

திராட்சைத் தோட்டத்து எசமானின் உவமையை இனி இதனருகே வைத்துப் பார்க்கலாம். அவன் விடியற்காலையில் சந்தைவெளிக்குச் சென்று, நாட்கூலி ஒரு தெனாரியம் என்று பேசி ஆட்களை அழைத்தான். பின்பு முற்பகலிலும் நண்பகலிலும் பிற்பகலிலும் போய் மேலும் ஆட்களை அழைத்தான். பொழுது சாய ஒரு மணி நேரமே இருந்தபோதும் போய், அங்கே நின்றவர்களையும் அழைத்தான். மாலையில் எல்லோருக்கும் ஒரே கூலி கொடுத்தான். நாள் முழுதும் வெயிலில் உழைத்தவர்கள் முணுமுணுத்தனர்.

கூலி வேலையை அறிந்த எவனும் அவர்களின் முணுமுணுப்பிலே நியாயம் காண்பான். அவ்வாறு கண்ட பின்னரே அவனுக்கு மறுபக்கம் தெரியும். மாலைவரை சந்தையில் நின்றவர்கள் சோம்பேறிகள் என்று உவமை கூறவில்லை. தம்மை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்களது விடை. அழைக்கப்படாதவர் யாவர்? முதியவர், உடல் நலிந்தவர், ஊருக்குப் புதியவர் ஆகியோரே எங்கும் கடைசிவரை நிற்பர். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்து நாட்கூலி. ஒரு குடும்பத்தின் ஒருநாட் சோறு. ஒருமணி நேர வேலைக்கு ஒருமணிக் கூலி கொடுத்தால் கணக்குச் சரியாகும். வீட்டில் அடுப்பு எரியாது. எசமான் கணக்கைப் பாராமல் அடுப்பைப் பார்த்தான்.

நீர்ப்பங்கீட்டு வழக்கத்தையும் இவ்வுவமையையும் ஒப்பிட்டால் இரண்டு உண்மைகள் புலனாகும். ஒருவகையில் உழவரின் வழக்கம் உவமையிலும் கடினமானது. தோட்டத்து எசமான் தன் பணப்பையிலிருந்து கொடுத்தான். முதலில் வந்தவர்களின் கூலி ஒரு காசும் குறையவில்லை. தலைமடை உழவனோ தன் வயலிலேயே அயலவனை இறங்கவிடுகிறான். தன் விளைச்சல் குறைவதை அறிந்தே இசைகிறான். மற்றொருவகையில் உவமை வழக்கத்தையும் தாண்டிச் செல்கிறது. பங்கீடு வயலுடையோருக்குள்ளேதான் நடைபெறும். குளத்தின்கீழ் வயல் இல்லாதவனுக்கு அதில் இடமில்லை. உவமையில் ஒன்றுமில்லாதவனே கடைசியாக அழைக்கப்பட்டு முதலாவதாகக் கூலி பெறுகிறான்.

வன்னியில் இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1958ஆம் ஆண்டிலும் 1977ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த இனவன்செயல்களை அடுத்து, மலையகத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்தன. தேயிலைக் கொழுந்து பறித்த கைகள் காடு வெட்டின. பிறர் வயலில் அறுவடை செய்தன. ஆனால் அவர்களிற் பலருக்குக் கிடைத்தது நீர் ஏறாத மேட்டுக்காணியே. சிலருக்கு அதற்கும் உறுதிப் பத்திரம் இல்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் வயல் தந்த கூலிநாள்களும் சுருங்கின. போரின் பின், குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்களும், அங்கம் இழந்தவர்களும் அதே வரிசையில் வந்து நின்றனர். பொழுது சாயும் நேரத்தில் சந்தைவெளியில் நிற்பவர் யாவர் என்று சுவிசேஷம் கேட்கும்போது, வன்னிக் கிறிஸ்தவன் விடை தேடிக் கலிலேயாவுக்குப் போகவேண்டியதில்லை.

1670ஆம் ஆண்டில் காட்டுக்குள் வந்தவர்களும் பிந்தி வந்தவர்களே. காடு அவர்களுக்கு இடங்கொடுத்தது. முதலில் வந்தவர் என்று தம்மை எண்ணுவோர் தம் வரலாற்றைச் சிறிது பின்னோக்கினால், தாமும் ஒரு காலத்திற் பிந்தி வந்து ஏற்கப்பட்டவர்களே என்பதைக் காண்பர். அதனை உணர்ந்தவனுக்கு முணுமுணுப்பு அடங்கும். கையும் சிறிது தளரும்.

தோட்டத்து எசமானைப் பற்றிய சிறு செய்தி ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஆள் அழைப்பதற்கு அவன் கணக்கப்பிள்ளையை அனுப்பவில்லை. ஒரே நாளில் ஐந்து தடவைகள் தானே சந்தைவெளிக்குப் போனான். போனதனாலேதான் கடைசியாக நின்றவர்களைக் கண்டான். கண்டதனாலேதான் அவர்களோடு பேசினான். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவனுக்கும் இதுவே பணி. தன் வயல் நிறைந்ததும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு திரும்பலாம்; அது தவறென்று எச்சட்டமும் கூறாது. அன்றி, வரம்பு வழியே கீழ்நோக்கி நடந்து, கடைமடைக்கு நீர் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்கலாம். பார்த்த பின், அதற்கும் அப்பால் நீரேறாத மேட்டிலே குடியிருப்பவரின் படலையடிவரை இன்னும் சிறிது தூரம் நடக்கலாம். அன்றாட வாழ்வு கற்பிக்கும் ஆன்மிகப் பாடம் அந்த நடையிலே தொடங்குகிறது.